முதலில் பேரேட்டைப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் பாதையில் கோவிந்தாபுரத்தைத் தாண்டும்போது தரையில் எந்தக் கோடும் தெரிவதில்லை. இந்தப் பக்கமும் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் முதலமடையின் மாந்தோப்புகள். பெயர்ப் பலகைகளில் மலையாளம் வந்து சேர்ந்துகொள்வதையும் செக்போஸ்ட்டையும் வைத்துத்தான் மாநிலம் மாறிவிட்டது என்று ஊகிக்க வேண்டும். 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்து, சென்னை ராஜ்யத்திலிருந்த மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தபோதும் பாலக்காட்டில் ஒரு பிடி மண்கூட இடம் பெயரவில்லை. மாறியது பதிவேடு. எந்த நிலம் எந்த மாநிலத்துக் கணக்கில் என்ற வரியை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான். அதன் விளைவுகள் எத்தனை லட்சம் பேர் வாழ்க்கையைத் தொட்டன என்பது வேறு விஷயம்.

செக்போஸ்ட்டும் பதிவேட்டு ராஜ்யம்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை எல்லையில் லாரிகள் வணிகவரிச் சாவடிகளில் வரிசை கட்டி நின்றன. சாவடியில் இருப்பவர் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்ப்பார். சீட்டு சரியாக இருந்தால் சரக்கும் சரி. சீட்டு தொலைந்துபோனால், லாரி நிறைய மாம்பழம் இருந்தாலும் அது கணக்கில் இல்லாத மாம்பழம்.

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கும் இதே முறையில்தான் இயங்குகிறது. அதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் காப்பாற்றக்கூடியதைக் காப்பாற்றாமல் விடுகிறார்கள். அழிந்துவிட்டது என்று நம்பி, அழியாததை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரும்பாலும் 4,096 பைட் கொள்ளும் சிறு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். அறைக்கு 'பிளாக்' என்று பெயர். நீங்கள் எழுதிய கடிதம், குழந்தையின் போட்டோ, ஆபீஸ் கணக்கு எல்லாம் இந்த அறைகளில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. எந்த அறையில் யாருடைய சரக்கு என்று கிடங்குக்குத் தெரியாது. அதற்கு ஒரு பேரேடு வேண்டும். லினக்ஸ் உலகத்தில் அந்தப் பேரேட்டின் ஒவ்வொரு பதிவும் 'ஐநோட்' எனப்படுகிறது. சொந்தக்காரர் யார், யார் யார் படிக்கலாம், மொத்தம் எத்தனை பைட், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, சரக்கு எந்தெந்த அறைகளில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஐநோட்டில் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது: ஃபைலின் பெயர்.

பெயர் டைரக்டரியில் இருக்கிறது. நாம் 'ஃபோல்டர்' என்று மஞ்சள் உறையாகப் பார்ப்பது உண்மையில் ஒரு பட்டியல். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஐநோட் எண். பெயரிலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து அறைக்கு என்று இரண்டே தாவல். இந்த ஏற்பாடு 1969-ல் பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸிலிருந்து வந்தது. இன்றைய லினக்ஸ் வரை அடிப்படை மாறவில்லை.

இது தெரிந்தால் சில மாயங்கள் விளங்கும். ஒரே டிஸ்க் பகுதிக்குள் பெரிய சினிமாப் படத்தை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறதே, எப்படி? படம் நகரவே இல்லை. 1956-ல் பாலக்காட்டு மண் நகராதது போல. ஒரு பட்டியலில் வரியை அடித்து இன்னொரு பட்டியலில் எழுதினார்கள். அழிப்பதும் அப்படித்தான். பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. பேரேட்டில் 'இந்தப் பதிவு காலி, இந்த அறைகள் காலி' என்று குறிக்கப்படுகிறது. அறைக்குள்ளிருக்கும் சரக்கை யாரும் வெளியே எடுத்துப் போடுவதில்லை. 'வாடகைக்கு விடப்படும்' என்று போர்டு மாட்டியதோடு சரி. அடுத்த குடித்தனக்காரர் வரும்போதுதான் பழைய சாமான் போகும்.

சாதாரணமாக இந்தப் பேரேட்டை நாம் பார்ப்பதில்லை. மௌஸும் படமும் அதைத் திரை போட்டு மறைத்திருக்கின்றன. திரையை விலக்கிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. பெயர் 'டீபக் எஃப்.எஸ்.'. படமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். பதில் எழுத்தாக வரும். லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இதே பெயரில் வேறொரு சங்கதி உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் சரித்திரம். லினக்ஸ் தொடக்கத்தில் மினிக்ஸ் என்ற பாடப்புத்தக சிஸ்டத்தின் ஃபைல் முறையைக் கடன் வாங்கியிருந்தது. அதில் ஒரு டிஸ்க் 64 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஃபைல் பெயர் 14 எழுத்துக்கு மேல் கூடாது. 1992-ல் ரெமி கார்ட் அதற்கு மாற்றாக 'எக்ஸ்ட்' எழுதினார். 1993-ல் 'எக்ஸ்ட்-2' வந்தது. 2001-ல் ஸ்டீஃபன் ட்வீடியின் 'எக்ஸ்ட்-3', 2008-ல் 'எக்ஸ்ட்-4' என்று குடும்பம் வளர்ந்தது. இந்தக் குடும்பத்தைப் பராமரிக்கும் கருவிப்பெட்டியை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர் தியடோர் ட்ஸோ. டீபக் எஃப்.எஸ்.ஸை எழுதியவரும் அவரே. உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் இது கூடவே வந்துவிடுகிறது. தனியாக வாங்க வேண்டாம், காசும் தர வேண்டாம்.

இதில் கோவிந்தாபுரம் எங்கே வருகிறது? கேரளத்தின் அரசுப் பள்ளிகள் ஓடுவது லினக்ஸில். 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளுக்குள் விலைக்கு வாங்கும் மென்பொருளைக் கைவிட்டு சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. 2017-ல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பை அது வெளியிடுகிறது. 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின் கணக்கு 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள். அதே ஆண்டில் மாணவர்களுக்காக 'லிட்டில் கைட்ஸ்' என்ற கம்ப்யூட்டர் மன்றங்களும் வந்தன. பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ் படிக்கும் குழந்தைகளின் விரல்கள் தொடுவதும் இதே கம்ப்யூட்டர்தான். உபுண்டு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் ஃபைல் முறை எக்ஸ்ட்-4. ஆக, எல்லைப்புறத்துத் தமிழ் மாணவனின் முன்னாலேயே இந்தப் பேரேடும் அதைத் திறக்கும் சாவியும் இருக்கின்றன. அவனிடம் யாராவது சொன்னால் போதும்.

சாவி எப்போது பயன்படும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எல்லைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு பழைய கம்ப்யூட்டர் திடீரென்று மந்தமாகிறது. சிஸ்டத்தின் குறிப்பேட்டில் '21,23,456-வது செக்டாரைப் படிக்க முடியவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: போனது எது? பத்தாம் வகுப்பின் மார்க் பட்டியலா, யாரோ இறக்கி வைத்த பாட்டா, அல்லது யாரும் குடியிராத காலி அறையா? எண்ணைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

டீபக் எஃப்.எஸ். இங்கே கை கொடுக்கிறது. செக்டார் என்பது 512 பைட். நம் அறையோ 4,096 பைட். ஆக, எட்டு செக்டார் ஓர் அறை. டிஸ்க்கின் அந்தப் பகுதி 2,048-வது செக்டாரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 21,23,456-லிருந்து 2,048-ஐக் கழித்தால் 21,21,408. எட்டால் வகுத்தால் 2,65,176. இதுதான் அறை எண். இப்போது 'ஐசெக்' என்ற கட்டளையோடு இந்த எண்ணைக் கொடுத்தால், அந்த அறை எந்த ஐநோட்டுக்குச் சொந்தம் என்று பதில் வரும். அந்த ஐநோட் எண்ணை 'என்செக்' கட்டளையிடம் கொடுத்தால் ஃபைலின் பெயரும், அது இருக்கும் ஃபோல்டரின் முழு விலாசமும் வரும். அறையிலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து பெயருக்கு. கம்ப்யூட்டர் தினமும் போகும் வழியில் நாம் தலைகீழாக நடந்திருக்கிறோம்.

ஐசெக் யாரையும் காட்டவில்லையென்றால் 'டெஸ்ட்-பி' என்ற கட்டளையைக் கேட்கலாம். அறை காலி என்று அது சொன்னால் பெருமூச்சு விடலாம். அறை உபயோகத்தில்தான் இருக்கிறது, ஆனால் சொந்தக்காரர் யாருமில்லை என்றால் விஷயம் சற்று கடுமை. போனது பேரேட்டின் பக்கமாகவே இருக்கலாம்.

இந்தப் பதில் கிடைத்த பிறகு எடுக்கும் முடிவும் அதற்கு முன் எடுக்கும் முடிவும் ஒன்றல்ல. போனது பாட்டு என்றால் அழித்துவிட்டு இன்னொன்றை இறக்கிக்கொள்ளலாம். சிஸ்டத்தின் ஃபைல் என்றால் திரும்ப நிறுவலாம். வேறெங்கும் நகலில்லாத மார்க் பட்டியல் என்றால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரைத் தேடிப் போகவேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? டிஸ்க் முனகியதுமே ரிப்பேர் கட்டளையை ஓட்டி, அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 'சரி, சரி' என்று தலையாட்டுகிறார்கள்.

ரிப்பேர் கட்டளை கெட்டதல்ல. 'எஃப்.எஸ்.செக்' என்ற அந்தப் புரோகிராம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் கடமை பேரேட்டை முரணில்லாமல் ஆக்குவது. உங்கள் கடிதத்தைக் காப்பாற்றுவது அல்ல. பெயர்ப்பட்டியல் சிதைந்து சில ஐநோட்டுகள் அநாதையானால், அவற்றைத் திரட்டி 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் போட்டுவிடும். அங்கே அவற்றுக்குப் பெயர் கிடையாது. வெறும் ஐநோட் எண்கள்தான். ஆயிரம் ஃபைல், ஆயிரம் எண். எது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

டீபக் எஃப்.எஸ்.ஸின் பெரிய குணம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சும்மா திறந்தால் படிக்க மட்டுமே செய்யும். எழுத வேண்டுமானால் தனியாக அனுமதி கேட்டுத் திறக்க வேண்டும். அது தானாக எதையும் சரிசெய்யாது. 'ஸ்டாட்' என்றால் ஒரு ஐநோட்டை முழுதாக விரித்துக் காட்டும். எக்ஸ்ட்-4-ல் ஃபைல் முதன்முதலில் பிறந்த நேரம்கூட அதில் உண்டு. 'டம்ப்' என்றால் ஒரு ஃபைலை வேறு டிஸ்க்குக்கு எடுத்துத் தரும்; 'ஆர்-டம்ப்' ஒரு ஃபோல்டரையே எடுத்துத் தரும். சாதாரண வழியில் திறக்க மறுக்கும் டிஸ்க்கிலிருந்துகூடச் சில சமயம் இப்படிச் சரக்கை மீட்டுவிடலாம்.

பேரேட்டின் முதல் பக்கமே கிழிந்தால்? அந்தப் பக்கத்துக்கு 'சூப்பர் பிளாக்' என்று பெயர். மொத்தம் எத்தனை அறை, ஓர் அறையின் அளவு என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் தொலைந்தாலும் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் இருப்பது போல, இதற்கும் டிஸ்க்கில் பல இடங்களில் நகல்கள் உண்டு. 4,096 பைட் அறைகள் கொண்ட டிஸ்க்கில் முதல் நகல் வழக்கமாக 32,768-வது அறையில் இருக்கும். அந்த எண்ணையும் அறையின் அளவையும் சொல்லித் திறக்கச் சொன்னால், டீபக் எஃப்.எஸ். நகலை வைத்துக்கொண்டு திறக்கும்.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இந்தப் பேரேட்டில் இருக்கிறது. எக்ஸ்ட்-4-ல் பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோட் தமிழை வழக்கமான யு.டி.எஃப்.-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கால், கொம்பு, புள்ளிக்கெல்லாம் தனிக் குறியீடு. 'கோவிந்தாபுரம்' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. பேரேட்டில் 13 குறியீடு, 39 பைட். 'அரையாண்டுத் தேர்வு' என்று ஆரம்பித்து வகுப்பு, பிரிவு, பாடம், தேதி எல்லாம் பெயரிலேயே எழுதும் ஆசிரியருக்கு 'பெயர் மிக நீளம்' என்று மிஷின் முரண்டு பிடித்தால் காரணம் இதுதான்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்க முடியுமா? எக்ஸ்ட்-2 காலத்தில் பதில் உற்சாகமாக இருந்தது. 'எல்.எஸ்.டெல்' என்ற கட்டளை அழிக்கப்பட்ட ஐநோட்டுகளை, அழிந்த நேரத்தோடு பட்டியலிடும். அறை எண்கள் பேரேட்டில் அப்படியே இருந்ததால், வேறு குடித்தனம் வராதவரை சரக்கை எடுத்துவிடலாம். எக்ஸ்ட்-3 வந்ததும் இந்தக் கதவு சாத்தப்பட்டது. நடுவில் மின்சாரம் போனாலும் அழிக்கும் வேலை ஒழுங்காக முடியவேண்டும் என்பதற்காக, அழிக்கும்போதே ஐநோட்டிலுள்ள அறை எண்களைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். எக்ஸ்ட்-4-லும் நிலைமை இதுதான். எல்.எஸ்.டெல் கட்டளை இன்றும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வெறும் கையோடு திரும்பும். பேரேட்டின் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் 'ஜர்னல்' என்ற நாட்குறிப்பில் ஐநோட்டின் பழைய நகல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தோண்டி எடுக்கும் வேறு கருவிகள் உண்டு. அதற்கு அதிர்ஷ்டமும் வேகமும் வேண்டும். எஸ்.எஸ்.டி. என்கிற சுழலாத டிஸ்க்கானால் நம்பிக்கை இன்னும் குறைவு. காலி அறைகள் எவை என்று சிஸ்டம் அவ்வப்போது டிஸ்க்கிடமே சொல்லிவிடுகிறது. உபுண்டுவில் வழக்கமாக இது வாரம் ஒரு முறை. டிஸ்க் அந்த அறைகளை உண்மையிலேயே துடைத்துவிடலாம்.

ஆகவே முக்கியமான ஃபைலை அழித்துவிட்டோம் என்று தெரிந்த நிமிஷம் செய்யவேண்டியது, அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் நிறுத்துவது. மீட்கும் மென்பொருளை இறக்குகிறேன் என்று அதே டிஸ்க்கில் இறக்குவது, காலி அறைக்குப் புதுக் குடித்தனத்தை நாமே கூட்டிவருவதற்குச் சமம்.

சாவிக்கு இன்னொரு முகமும் உண்டு. டீபக் எஃப்.எஸ். டிஸ்க்கை நேரடியாகப் படிக்கிறது. 'இந்த ஃபைலை இவர் மட்டுமே படிக்கலாம்' என்ற ஐநோட்டின் நிபந்தனையை அது காட்டும், அதற்குக் கட்டுப்படாது. செக்போஸ்ட்டைத் தொடாமல் தோப்புக்குள் போகும் வண்டித்தடம் போல. அதனால்தான் அதை ஓட்ட நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். ஆனால் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்பவனுக்கு அவனே நிர்வாகி. பள்ளியோ ஆபீஸோ பழைய கம்ப்யூட்டரை ஏலத்தில் விடும்போது, ஃபைல்களை அழித்துவிட்டோம் என்று திருப்திப்பட்டால் போதாது. பெயர் போயிருக்கும், ஐநோட்டும் வெறுமையாகியிருக்கும். ஆனால் சுழலும் டிஸ்க்கின் அறைகளில் பிள்ளைகளின் விலாசமும் பிறந்த தேதியும் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு அறையாகத் தட்டிப் பார்க்கப் பொறுமையுள்ளவன் எடுத்துவிடுவான். முழு டிஸ்க்கையும் மேலெழுதித் துடைக்க வேண்டும், அல்லது முதலிலிருந்தே பூட்டுமொழியில் எழுதிவைக்க வேண்டும்.

எழுதும் அனுமதியோடு டீபக் எஃப்.எஸ்.ஸைத் திறப்பது வேறு கதை. அங்கே ஐநோட்டின் எந்தக் கட்டத்தையும் கையால் திருத்தலாம்; திருத்தியது சரியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதைச் செய்வது, ஓடும் லாரியின் அச்சாணியைக் கழற்றிப் பார்ப்பதற்குச் சமம்.

வரிசை இதுதான். முதலில் பாருங்கள். டீபக் எஃப்.எஸ்.ஸில் படிக்க மட்டும் திறந்து, என்ன போயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.எஸ்.செக்கிலும் 'எல்லாவற்றுக்கும் இல்லை' என்று பதில் சொல்லும் முறை உண்டு; எதையும் தொடாமல் குறைகளை மட்டும் சொல்லும். டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்று சந்தேகம் வந்தால், பார்ப்பதற்கும் முன்பாக முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுங்கள். சரியாகப் படிக்க முடியாத இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைத்து நகலெடுக்கும் 'டி.டி.ரெஸ்க்யூ' இதற்காகவே இருக்கிறது, இதுவும் இலவசம். ரிப்பேர் எல்லாம் அதன் பிறகு. அதையும் நகலில் செய்யுங்கள், அசலில் வேண்டாம்.

பள்ளிகளில் குழந்தைகளுக்குப் படம் வரையவும் பாட்டு சேர்க்கவும் சொல்லித் தருகிறார்கள், நல்லது. சுதந்திர மென்பொருள் என்பதன் பெரிய சௌகரியம் அது இலவசம் என்பதல்ல; திறந்து பார்க்கலாம் என்பது. உபயோகமில்லாத ஒரு பென் டிரைவில் எக்ஸ்ட்-4 போட்டு, அதில் நாலு ஃபைல் எழுதி, இரண்டை அழித்து, டீபக் எஃப்.எஸ்.ஸில் திறந்து பார்க்க ஒரு பீரியட் போதும். வேர் டைரக்டரியின் ஐநோட் எண் எப்போதும் 2 என்பதை ஒரு மாணவி தன் கண்ணால் பார்த்துவிட்டால், கம்ப்யூட்டர் அவளுக்கு அதற்குப் பிறகு மந்திரப் பெட்டியாக இருக்காது. பேரேடு யார் கையிலிருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். எல்லையில் வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.